படி இல்லை, வழி உண்டு

செய்தி ஒரு சிமெண்டு லாரியில் வந்தது. வேடசந்தூர் சாலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் பஞ்சாலையின் மேல்தளத்தில் நின்று, கம்பி கட்டியிருப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் கீழே இருந்தபடியே அண்ணாந்து பார்த்துச் சொன்னார். "சார், உங்க கூட்டாளி சந்தியாகு சார் தவறிட்டாகளாம். மாதா கோயில்ல துக்கமணி அடிச்சாச்சு. உங்களுக்குச் சொல்லச் சொன்னாக." இரண்டு நாளாக நெஞ்சு வலிக்கிறது என்று அவர் வீட்டில் இருந்தார். வாயுப் பிடிப்பு என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டக்கூடத் தோன்றாமல் படிக்கட்டில் இறங்கினேன். பாதி இறங்கிய பிறகுதான் அந்தப் படிக்கட்டே அவர் சண்டை போட்டு வாங்கியது என்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சந்தியாகுவை நம் பொறியாளர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லிலும் சுற்று வட்டாரத்திலும் அவர் கணக்குப் போட்ட சரக்குக் கிட்டங்கிகளும் தோல் பதனிடும் ஷாப்புகளும் பஞ்சாலைகளும் நிற்கின்றன. அவரும் நானும் சம வயது. ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தொழில் செய்தோம். சங்கத்தின் நினைவு மலருக்காக அவரைப் பற்றிச் சுருக்கமாக, நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். சுருக்கமாக வரவில்லை. நல்லதாக வருகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் டெல்லியிலிருந்து புதிய விதிப்புத்தகம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எந்தக் கட்டடத்தில் எந்தத் தளத்துக்கு எவ்வளவு சுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம். நம்மில் பலர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சந்தியாகு காக்கி அட்டை போட்டு, பள்ளிக்கூடப் பையன் பாடம் படிப்பது போல வாய்விட்டு வாசித்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார், உடனே அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பார். "இங்க பாருங்க வேலு, இதுல ‘செய்தாக வேண்டும்’னு ஒண்ணு இருக்கு, ‘செய்தால் நலம்’னு ஒண்ணு இருக்கு. நம்ம முதலாளிமாருக்கு ரெண்டாவது மட்டும்தான் காதுல விழும்" என்பார். தகரக் கூரைக்கு ஆடிக் காற்றை உத்தேசித்துக் கூடுதல் போல்ட்டு போடும்படி அவர் சொன்னதற்கு, ஒரு தோல் ஷாப் முதலாளி "நலம்னுதானே போட்டிருக்கு? நாங்க நலமாத்தான் இருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தார். சந்தியாகுவும் சிரித்தார். ஆனால் போல்ட்டைக் குறைக்கவில்லை.

அதே புத்தகத்தில்தான் அந்த வரியும் இருந்தது. கூரைகளில் இரண்டு வகை. ஏறிப்போக வழி உள்ள கூரை ஒன்று, வழி இல்லாத கூரை மற்றொன்று. வழி இல்லாத கூரைக்குப் பாதிச் சுமையைக் கணக்கில் எடுத்தால் போதும். பழுது பார்க்க எப்போதோ ஒருவர் ஏறுவார், அவ்வளவுதான். பாதிச் சுமை என்றால் தளம் மெலிதாகும், கம்பி குறையும், முதலாளி முகம் மலரும். நியாயமான விதிதான். இன்றுவரை அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சின்னாளப்பட்டியில் ஒருவர் சாயப்பட்டறை கட்டினார். நெசவுக்குப் போகும் நூலுக்குச் சாயம் தோய்க்கும் இடம். கீழே சாயத்தொட்டிகள், அடுப்புகள், மேலே காங்கிரீட் தளம். மாடிக்குப் படி வேண்டாம் என்றார் முதலாளி. நூல் காயப்போடப் பக்கத்தில் பெரிய முற்றம் இருந்ததால், மேலே யாருக்கும் வேலை இல்லை என்றார். படி இல்லை, ஆகவே வழி இல்லை, ஆகவே பாதிச் சுமை. சந்தியாகு கணக்குப் போட்டார், நான் சரிபார்த்தேன், அவர் கையெழுத்திட்டார். ஒரு சாயப்பட்டறைக்கு வரைபடம் போடும் இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட, அந்த முற்றம் என்றைக்கும் முற்றமாகவே இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

முற்றத்தில் விறகு அடுக்கினார்கள். அடுப்பு கூடக் கூட விறகும் கூடியது. நூல் காய இடம் இல்லை. பட்டறை மேஸ்திரி பொன்னுச்சாமி ஒரு மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அதன் பிறகு சாயம் சொட்டும் நூல் சிட்டங்கள் மாடியில்தான் காய்ந்தன. நல்ல வெயில், நல்ல காற்று, யார்தான் விடுவார்கள்? ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பட்டறையில் இருந்த பெண்கள் எல்லோரும் மேலே ஓடி, ஈர நூலை வாரி வாரித் தளத்தின் நடுவில் குவித்தார்கள். குவியலைச் சுற்றி அவர்களும் நின்றார்கள். தளம் நடுவில் முறிந்து தொட்டிகளின் மேல் விழுந்தது. ஒரு உயிரும் போகவில்லை. அடுப்பு அணைந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்குத் தொடை எலும்பு ஒடிந்தது. அவர் பொன்னுச்சாமியின் மனைவி.

மதுரையிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். விதிப்புத்தகத்தையும் எங்கள் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். விறகுக் குவியலை ஒட்டிப் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பொன்னுச்சாமியைக் கூப்பிட்டு, ஏணி வைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தான்யா."

"முதலாளி வைக்கச் சொன்னாரா?"

"வாயால சொல்லலைய்யா. முத்தத்துல வெறகை அடுக்கச் சொன்னாக. அம்புட்டு நூலையும் பொறவு எங்கன காயப் போட?"

அதிகாரி அதை எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. வரைபடத்தில் மாடிக்குப் படி காட்டியிருக்கிறதா என்று தனக்குத்தானே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். சந்தியாகு எழுந்து, "சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "உங்கள் மேல் தவறு இருந்தால்தானே நீங்கள் பேச வேண்டும்? உட்காருங்கள்" என்றார் அதிகாரி. முடிவு அன்றே தெரிந்துவிட்டது. பொறியாளர் விதிப்படி கணக்கிட்டிருக்கிறார். வழி இல்லாத கூரைக்கு மேஸ்திரி தன்னிச்சையாக ஏணி வைத்ததே விபத்துக்குக் காரணம். முதலாளிக்கு ஒரு எச்சரிக்கை, அதோடு சரி.

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிழைத்தோம் என்று சந்தியாகுவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். தொழிலே போயிருக்க வேண்டியது, ஒரு வரி காப்பாற்றிவிட்டது. அவர் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

என் மனைவி இலை போட்டு, சாம்பார் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கொத்தவரை வத்தல் வறுத்து வைத்தாள். சந்தியாகு ஒரு வத்தலை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, இதை எங்க காயப் போட்டீங்க?"

"மாடியிலதான்ணே. வேற எங்க போடுவாக?"

"இந்த வீட்டு மாடிக்குப் படி கிடையாதே?"

"ஏணி வச்சு ஏறிக்கிருவேன். இவுகதான் புடிச்சுக்கிருவாக" என்று என்னைக் காட்டினாள்.

சந்தியாகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும்போது சொன்னார். "புத்தகத்துல இருக்கிறது வழி. நாம வாசிச்சது படி. நம்ம ஊர்ல படி இல்லாத மாடி உண்டு வேலு, வழி இல்லாத மாடி எங்க இருக்கு? புத்தகம் எழுதினவன் டெல்லிக்காரன், அவனுக்குத் தெரியாது. ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற நமக்குத் தெரியாதா?" அன்று அவர் முகத்தில் இருந்ததற்கு வெட்கம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. தப்பித்துவிட்டதற்காக வெட்கப்பட்ட மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே அவர் சின்னாளப்பட்டிக்குப் போய்ப் பொன்னுச்சாமியிடம், தப்பு ஏணியில் இல்லை, என் கணக்கில் என்று சொல்லிவிட்டு வந்தார். பொன்னுச்சாமி, "நீங்க சொல்றீக சாமி. எழுதின பேப்பர் வேற சொல்லுதே" என்றாராம். அந்தப் பதில்தான் சந்தியாகுவைக் கடைசிவரை ஓட வைத்தது. அந்த வாரமே மதுரைக்குப் போனார். தன்னைக் குற்றவாளி என்று எழுதச் சொல்லி அரசு அலுவலக வாசலில் காத்துக் கிடந்த ஒரே பொறியாளர் நம் சங்கத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும். "உங்களுக்கென்ன பைத்தியமா? விதிப்படி உங்கள் மேல் தப்பு இல்லை என்று எழுதியாகிவிட்டது" என்றார் அதிகாரி. சந்தியாகு அதை எங்களிடம் சொல்லும்போது, "விதிப்படி, விதிப்படின்னு சொல்றாரு. அந்த ஒரு படியில ஏறித்தானே நான் தப்பிச்சேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். நல்ல சிலேடை என்று பாராட்டியவர்களும் உண்டு.

பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவையாவது போனார். அதிகாரிகள் மாறினார்கள், மேசை மாறியது, பதில் மாறவில்லை. நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில் போய், அதே போன்ற பஸ்ஸில் திரும்புவார். சட்டையெல்லாம் மல்லிகை மணக்கும். "என்ன, மாப்பிள்ளை மாதிரி மணக்கிறீங்க, பொண்ணு அமைஞ்சுதா?" என்று நான் கேட்பேன். "பொண்ணு வீட்டுக்காரன் இன்னும் சம்மதிக்கலை" என்பார். அந்தக் கேலியில் நான் இருந்தேன், அந்த பஸ்ஸில் இருந்ததில்லை.

தொழிலில் அவர் மாறிப்போனதை நீங்களே பார்த்தீர்கள். முன்பு வழி இல்லை என்று கணக்குப் போட்ட கூரைகளையெல்லாம் தேடித் தேடிப் போனார். ஒன்று தளத்தைப் பலப்படுத்துங்கள், அல்லது கனமாக எதையும் ஏற்றாதீர்கள் என்று கெஞ்சினார். புது வேலைக்கு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மேல என்ன காயப் போடுவீங்க?" என்பதுதான். "மாடியைப் பத்தி மாடி கட்டுறவன்கிட்ட கேக்காதீங்க, மாடியில வேலை இருக்கிறவங்ககிட்ட கேளுங்க" என்று வரைவாளர்களிடம் சொல்வார். கேட்கவும் செய்வார். முதலாளி காரில் காத்திருக்க, இவர் வேலைக்கு வரும் பெண்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அவருடைய எந்தத் தொழிற்சாலை வரைபடத்திலும் மாடிக்குப் படி இல்லாமல் இருந்ததில்லை. படி வைத்தால் முழுச் சுமை, முழுச் சுமை என்றால் கூடுதல் கம்பி. ஒரு பஞ்சாலை முதலாளி, "பஞ்சாலையில என்ன வடகமா புழியப் போறோம்?" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை வேறு ஆளிடம் கொடுத்தார். அந்த வேறு ஆள் யார் என்று நமக்குத் தெரியும், அவரும் இதைப் படிப்பார், ஆகவே விட்டுவிடுகிறேன். படிக்கட்டு சந்தியாகு என்று பெயர் வைத்ததும் நம் சங்கம்தான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு அவரோடு நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நின்றது உண்மை. முணுமுணுத்துக்கொண்டு நின்றேன் என்பதும் உண்மை. புதிய வாடிக்கையாளர் முன்னால் அவர் சாயப்பட்டறைக் கதையை எடுக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். "இப்படித்தான் ஒரு தளம் என் கையெழுத்துல விழுந்துச்சு" என்று ஆரம்பிப்பார். எந்த மருத்துவராவது தான் பிழைக்க வைக்காத நோயாளியைப் பற்றிச் சொல்லி வைத்தியம் ஆரம்பிப்பாரா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "சொன்னா என்ன வேலு? நான் சொல்லலைன்னா பொன்னுச்சாமி பேரைத்தானே சொல்லுவாங்க" என்றார். அவரால் எனக்கு வெட்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். யாரால் யாருக்கு என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பொன்னுச்சாமியின் பெயரை ஊர் சொல்லத்தான் செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்தப் பட்டறையும் அவரை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி காலை ஒடித்தவன் என்று தெருவில் பிள்ளைகள்கூடச் சொன்னார்களாம். சாயத்தின் பக்குவத்தை நீரின் நிறத்தில் பார்க்கத் தெரிந்தவர், ஒரு வியாபாரியிடம் சேர்ந்து அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

இனி அந்த இரங்கல் கூட்டம். உங்களில் பெரும்பாலோர் வந்திருந்தீர்கள். மாலை போட்டோம், மௌனமாக நின்றோம். பேசியவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். ஒருவர், "விசாரணை வைத்து, அப்பழுக்கு இல்லாதவர் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த பொறியாளர் நம் சந்தியாகு" என்றார். எல்லாத் தலைகளும் ஆமோதித்து அசைந்தன. பேசியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். என் தலையும் அசைந்தது. அசைந்த பிறகுதான், எந்த ஒரு வரியை அழிக்க அந்த மனிதர் பத்து வருஷம் போல பஸ் ஏறினாரோ, அதே வரியை நாம் அவருக்கு மாலையாகப் போட்டிருக்கிறோம் என்று உறைத்தது. எழுந்து மறுத்துப் பேசியிருக்கலாம். இரங்கல் கூட்டத்தில் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பொன்னுச்சாமிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சியம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பை ஊன்றி நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது. பேச்செல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கும். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுய்யா" என்றார் பொன்னுச்சாமி. பிறகு, "உள்ள பேசினாகளே, அந்தத் தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு."

"போன தடவை வந்தப்ப, அடுத்த மாசம் ஒரு புது ஆபீசர் வாராரு, அவருகிட்டக் கேக்குறேன்னு சொல்லிட்டுப் போனாக."

எனக்குத் தெரியாது. என் மேசைக்கு எதிரில் இருந்தவர் என்னிடம் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருக்கிறார். சொன்னால் நான் கேலி செய்வேன் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

பேச்சியம்மாள் சொன்னார். "நான் ஏணியிலருந்து விழுகலை சாமி. மாடிதான் விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஏணி வச்சு ஒரு நாளும் ஒருத்தரும் விழுகலை. அதை மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். காலுக்குன்னு ஒண்ணும் வேணாம்." கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டார். "அவுக போயிட்டாக. இனிமே யாரு போய்க் கேப்பாக?"

நான் கேட்கிறேன் என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. அவர்கள் என்னை நம்பினார்களா என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு, பேச்சியம்மாளின் நடைக்குத் தகுந்தபடி மெதுவாகப் போனார்கள்.

சந்தியாகுவின் விதிப்புத்தகத்தை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். காக்கி அட்டை நைந்துபோன அந்தப் புத்தகம் மேசையில் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதை இல்லை, அவருடைய வெட்கத்தை. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது, இத்தனை வருஷமும் முழுவதையும் அவர் ஒருவரே சுமந்தார். அந்தக் கணக்கைச் சரிபார்த்தவன் நான், அந்தத் தளத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல மிச்சம் இருப்பவனும் நான்தான். திங்கட்கிழமை காலை, நிலக்கோட்டை வழியாக மதுரை போகும் முதல் பஸ்ஸில் போகிறேன். அவரை அப்பழுக்கு இல்லாதவர் என்று தலையசைத்தவர்களில் யாராவது கூட வருவதானால், திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பூ மூட்டை இறக்கும் இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.